காந்தப் புயலுக்குப் பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு?

வங்கக்கடலில் புயல் சின்னம் தெரிந்தால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். அது பாம்பனுக்கென்றே ஏறும் கூண்டு. புயல் ஒன்றுதான் என்றாலும் நாகப்பட்டினத்தில் ஓர் எண் ஏறும், இங்கே வேறோர் எண் ஏறும். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. மூன்று என்றால் இந்தத் துறைமுகத்துக்கே காற்று வரும். எட்டு, ஒன்பது, பத்து என்று போனால், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கப்போகிறது என்பதுகூட அந்த எண்ணிலேயே அடங்கிவிடும். வலை உலர்த்திக்கொண்டிருப்பவருக்கும் நிமிர்ந்து பார்த்ததும் சேதி புரிந்துவிடும்.

சூரியனிலிருந்து கிளம்பி வரும் காந்தப் புயலுக்கு இப்படித் துறைமுகத்துக்கொரு கூண்டு கிடையாது. பூமி முழுவதற்கும் சேர்த்து ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், ஜி1-இலிருந்து ஜி5 வரை. 2024 மே 10 அன்று ஜி5 என்று அறிவித்தபோது மண்டபத்தில் என் கடைக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, ஜிபிஎஸ் செத்துருமாமே?" படகுகளுக்கு ஜிபிஎஸ்ஸும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும், பேசுவதற்கான விஹெச்எஃப் வானொலி செட்டும் மாட்டிக் கொடுப்பது, பழுது பார்ப்பது என் தொழில். அதனால் என்னிடம் கேட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில்தான் கட்டிக்கிடந்தன. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல நேரம் வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் கடற்கரையைப் பொறுத்தவரை புயலின் பலத்தைக் கேட்பதற்கு முன்னால், அது அடிக்கும்போது இங்கே மணி என்ன என்று கேட்க வேண்டும்.

ஜி அளவுக்கு அடிப்படை கேபி என்ற குறியீடு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை கணிக்கிறார்கள். அதற்குக் கணக்குக் கொடுப்பவை 13 காந்த ஆய்வகங்கள். எல்லாம் துருவப் பகுதிக்குச் சற்றுத் தள்ளி, நடு அட்சரேகைகளில் இருப்பவை. நம்மைப்போல நடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்கள் பக்கம் அதில் ஒன்றுகூட இல்லை. ஆகவே கேபி 9 என்று வந்தால் கனடாக்காரருக்கும் நார்வேக்காரருக்கும் அது நேரடியான சேதி. 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருண்டு கிடந்தது இப்படி ஒரு புயலில்தான். நமக்கு அந்த எண் பாதிச் சேதி.

புயல் எப்படி வருகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிட்டு நம் வானத்துக்கு வருகிறேன். சூரியனில் வெடிப்பு நடந்தால் அதன் ஒளியும் எக்ஸ் கதிரும் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். வானத்தின் உயரத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்குக்கு அயனி மண்டலம் என்று பெயர்; பகல் பக்கத்தில் அதன் அடித்தட்டு அதனால் தடித்து, சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். இதைப் புயல் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் அதிகம். நிஜப் புயல், வெடிப்போடு கிளம்பிய மின்னூட்ட வாயு மேகம். அது வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மிக வேகமானது பதினைந்து மணி நேரத்திலும் வந்துவிடும். அந்த மேகம் சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் மட்டுமே பூமியின் காந்தப்புலத்தோடு பின்னிக்கொண்டு சக்தியை உள்ளே இறக்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரிய மேகம்கூடப் பூமியை உரசிவிட்டுப் போய்விடும். எப்படி இருக்கிறது என்பது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களைக் கடக்கும்போதுதான் தெரியும். நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் நிற்கிறது. அங்கே தெரிந்த பிறகு நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கும்.

உள்ளே இறங்கிய சக்தி முதலில் போய் விழும் இடம் துருவப் பகுதிகள். வானம் அங்கே பச்சையும் சிவப்புமாக எரியும். 2024 மே புயலில் லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். ராமநாதபுரத்தில் அப்படி எதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் நம் தலைக்கு மேல் நடப்பது அதைவிடச் சிக்கலானது. என்னைக் கேட்டால் அதைவிடச் சுவையானதும்கூட.

காரணம், நாம் இருக்கும் இடம். ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டி, சாயாமல் நேராகத் தொங்கும்படி முடிச்சை நகர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஒரு காந்தத்தால் ஊசியை ஒரே திசையில் நாற்பது ஐம்பது முறை தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். இதை டெல்லியில் செய்தால் வடக்கு நோக்கும் முனை நன்றாகக் குனிந்து தரையைப் பார்க்கும். மண்டபத்தில் செய்தால் ஊசி ஏறக்குறையப் படுத்தவாக்கிலேயே வடக்கைக் காட்டும். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடும் இடத்தைக் காந்த நடுக்கோடு என்பார்கள். அது நமக்குச் சற்றே தெற்கில், இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. என் கடையில் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஊசியைத்தான். செட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

விக்ரம் சாராபாய் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கோட்டுக்காகத்தான். 1963 நவம்பர் 21 அன்று அந்த மீனவக் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் போனது. தேவாலயமே அலுவலகமாயிற்று. இன்று நமக்குப் பக்கத்தில், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நடுக்கோட்டு வானத்தைப் பற்றி உலகம் படிக்கும் பல சேதிகள் அங்கிருந்து போனவை. நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இனி மேலே போவோம். தொண்ணூறு கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுக் காற்றின் அணுக்கள் எலக்ட்ரானை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்த எலக்ட்ரான் கூட்டம்தான் அயனி மண்டலம். நடுக்கோட்டுக்கு மேலே, பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அங்கே மின்புலம் கிழக்கு நோக்கி, காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடையாக. இரண்டும் சேர்ந்தால் மின்னூட்டத் துகள்களுக்கு ஒரே வழி, மேலே. ஆகவே பகல் முழுக்க நம் தலைக்கு மேலிருந்து எலக்ட்ரான்கள் உயரே தூக்கப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. இதற்கு ஊற்று விளைவு என்று பெயர். இந்தியாவில் அவை போய்க் குவியும் இடம் அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசை. நாம் வெயிலுக்கு நேர் கீழே இருந்தும் நம் தலைக்கு மேல் எலக்ட்ரான் குறைவு; வெயில் சாய்ந்து விழும் குஜராத்தில் அதிகம்.

ஜிபிஎஸ்ஸுக்கு இதில் என்ன வேலை? சாட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னல் எலக்ட்ரான் கூட்டத்துக்குள் நுழைந்தால் தாமதமாகும். ஒரு சதுர மீட்டர் அகலத்துக்கு, தரையிலிருந்து சாட்டிலைட் வரையிலான தூணில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அதில் ஓர் அலகுக்கு 16 சென்டிமீட்டர் பிழை. சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் மதியத்தில் 100 அலகு வரைகூடப் போகும், அதாவது 16 மீட்டர். ஜிபிஎஸ் செட்டுக்குள் இருக்கும் பொதுச் சூத்திரம் அதில் ஏறக்குறையப் பாதியைச் சரிசெய்துவிடும். வஞ்சிரத்துக்கு வலை விடுகிறவருக்கு எட்டு மீட்டர் பிழை ஒரு பொருட்டே இல்லை.

தொல்லை பொழுது சாய்ந்த பிறகு வருவது.

சூரியன் மறையும் நேரத்தில், காலையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டிருந்த அந்த மின்புலம், ஓய்வதற்கு முன் ஒருமுறை ஓங்கி எழும். எலக்ட்ரான் அடுக்கு சரசரவென்று உயரும். அதேசமயம் வெயில் இல்லாததால் அடியில் இருந்த அடுக்கு கரைந்துபோகும். கனமானது மேலே, காலியானது கீழே. இந்த நிலை தாங்காது. கீழிருந்து வெற்றுக் குமிழிகள் அடர்த்தியைக் கிழித்துக்கொண்டு மேலே பாயும். ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டர் கணக்கில் அகலம். வடக்கிலும் தெற்கிலும் காந்தக் கோட்டோடு நீண்டு, கிழக்கு நோக்கி விநாடிக்கு நூறு மீட்டருக்குமேல் நகரும். கேரளத்துப் பக்கமிருந்து நம் தலைக்கு மேலே வந்து இலங்கைப் பக்கம் போகும். இவை பிளாஸ்மா குமிழிகள். இவற்றின் ஓரங்களில் உள்ள கிழிசல்களுக்குள் புகுந்து வரும் சிக்னல் சிதறும், சிமிட்டும்.

இதற்குப் புயலே தேவையில்லை. நம் பக்கத்தில் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களில், அமைதியான சாதாரண மாலைகளில் நடப்பது. பாக் நீரிணையில் காலையில் போய் மறுநாள் காலை திரும்பும் விசைப்படகுக்கு இரவு ஏழு முதல் பன்னிரண்டு மணி வரை வலை இழுக்கிற நேரம். அந்த மாதங்களில் டிரைவர்கள் செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். தங்கச்சிமடத்து டிரைவர் ஒருவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணே, போட்டு நங்கூரம் போட்டு நிக்கிது, ஸ்கிரீன்ல மட்டும் ஓடுது. அரை மணி நேரம் பேய் புடிச்ச மாதிரி ஆடிட்டு அப்புறம் தானா அடங்கிருச்சு." செட்டைச் சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. ஆன்டெனா, வயர், பேட்டரி எல்லாம் சரியாக இருக்கும்.

நீங்களே பார்க்கலாம். மார்ச் மாதத்தில் ஒரு மாலை, மண்டபம் ஜெட்டியில் மறைப்பில்லாத இடத்தில், செட்டில் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் சாட்டிலைட்டுகளின் சிக்னலைக் காட்டும் செயலி இருந்தாலும் போதும். ஏழு மணி வாக்கில் ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் ஒரு பட்டை, சிக்னல் பலம் நாற்பதை ஒட்டி அசையாமல் நிற்கும். ஏழரை, எட்டு மணிக்கு மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டை மட்டும் நடுங்கத் தொடங்கும். நாற்பது, இருபத்தைந்து, முப்பத்தெட்டு, இருபது, பிறகு பட்டையே காணோம். சில விநாடியில் மறுபடி முளைக்கும். சிறிது நேரத்தில் உச்சியில் உள்ள பட்டைகள் ஆடும். அதன் பிறகு கிழக்குப் பக்கத்தவை. அந்நேரம் மேற்கில் இருந்தவை பழையபடி நிமிர்ந்து நிற்கும். ஒரு குமிழி மேற்கிலிருந்து கிழக்கே நம்மைக் கடந்து போவதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. நட்சத்திரங்கள் தெளிவாக இருக்கும்.

இப்போது இதன்மேல் ஒரு காந்தப் புயல் வந்து விழுந்தால் என்ன ஆகும்? இங்கேதான் மணிக் கணக்கு வருகிறது.

புயல் நம்மைத் தொடுவது இரண்டு விதமாக. முதலாவது, உடனடியாக. மேகத்தின் காந்தப்புலம் சட்டென்று தெற்குப் பக்கம் திரும்பியதும் துருவப் பகுதியில் எழும் மின்புலம் அங்கேயே தங்குவதில்லை. தடுப்பு உருவாவதற்குள் நடுக்கோடு வரை ஊடுருவிவிடுகிறது. நம் ஊரில் அப்போது பகலோ அந்தியோ என்றால் அது கிழக்கு நோக்கி இருக்கும், ஏற்கெனவே இருக்கும் மின்புலத்துக்குக் கை கொடுக்கும். பின்னிரவு என்றால் மேற்கு நோக்கி இருக்கும், அடுக்கைக் கீழே அமுக்கும். இரண்டாவது, தாமதமாக. துருவப் பகுதியில் சூடான காற்று விரிந்து நடுக்கோட்டை நோக்கி வீசத் தொடங்கும். பூமி சுழல்வதால் அது மேற்காகத் திரும்பும். வழியில் அயனிகளை இழுத்துக்கொண்டு போவதால் புதிதாக ஒரு மின்புலம் உருவாகும். வழக்கத்துக்கு நேர் எதிரான திசையில். பகலில் ஊற்றை அடக்கும். அந்தியில் அடுக்கு உயர விடாது. நள்ளிரவுக்குப் பிறகு தூக்கிவிடும். இது பல மணி நேரம் கழித்துத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் இருக்கும்.

ஆகவே ஒரே புயல், ஒரே இடம், நேரம் மட்டும் மாறினால், மாலைக் குமிழிகளை வெறிகொண்டு எழுப்பவும் செய்யும், முற்றாக அடக்கவும் செய்யும். ஜி5 வந்த மறுநாள் மாலையில் நம் ஜிபிஎஸ் சாதாரண மார்ச் மாலையைவிட நிம்மதியாக வேலை செய்யலாம். புயலே இல்லாத நாளில் திரை ஆடலாம். "புயல் வருகிறது, ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்ற ஒற்றை வரிச் சேதியை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு 2015 மார்ச் 17 புயலைவிட நல்ல சாட்சி இல்லை. அன்று காலை பத்தேகால் மணிக்கு மேகம் பூமியைத் தொட்டது. மாலையில் தெற்கு நோக்கிய காந்தப்புலம் வலுத்த நேரத்தில் இந்தியாவில் சரியாகச் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. வழக்கமான அந்தி எழுச்சியோடு ஊடுருவிய மின்புலமும் சேர்ந்துகொண்டது. நடுக்கோட்டுக்கு மேலே எலக்ட்ரான் அடுக்கு 550 கிலோமீட்டருக்கும் மேலே போனது. எழுந்த குமிழிகள் நடுக்கோட்டின் மேல் சுமார் 1,670 கிலோமீட்டர் உயரம்வரை வளர்ந்தன. அதே நேரத்தில், அதே புயலில், நமக்குக் கிழக்கே தாய்லாந்து, இந்தோனேசியா பக்கம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அங்கே அந்தி ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. நம் ஆய்வாளர்கள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றிரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒரு கடலுக்குப் பாதிப்பு, அடுத்த கடலுக்கு ஒன்றுமில்லை. துறைமுகத்துக்கொரு கூண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

2024 மே புயல் அதைவிட மிகப் பெரியது. ஆனால் அது பூமியைத் தொட்டபோது நமக்கு இரவு மணி 10.35. உச்சத்தை அடைந்தது மறுநாள் காலை. அந்தி நேரம் தப்பிவிட்டது. மே மாதம் நமக்குக் குமிழிப் பருவமும் அல்ல. கண்டம் தாண்டி அமெரிக்காவில் அப்போது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வைத்து ஓடும் டிராக்டர்கள் வரி தவறி நின்றன. ஒரே புயலில் அவர்களுக்கு அப்படி ஓர் இழப்பு.

இந்தியா இலங்கைக் கடல் எல்லைக்கோட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தார்கள். தண்ணீரில் அந்தக் கோட்டுக்கு அடையாளம் எதுவும் இல்லை; டிரைவருக்கு அது திரையில் தெரியும் ஒரு வரி மட்டும்தான். அயனி மண்டலத்தால்தான் மீனவர்கள் கோட்டைத் தாண்டிப் பிடிபடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் பிழை பெரும்பாலும் பத்து, இருபது மீட்டர் கணக்கு. பார்டர் தகராறின் வேர் மீனிலும் பிழைப்பிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று உண்மை. இருட்டில், மடி வலையை இழுத்துக்கொண்டு, இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) வேகத்தில் போகும் படகு நிமிடத்துக்கு அறுபது மீட்டர் நகரும். திரை பத்து நிமிடம் பொய் சொன்னால் அறுநூறு மீட்டர். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வேறு ஒரு பக்கம் தள்ளும். கோட்டை ஒட்டித் தொழில் செய்கிறவருக்கு அறுநூறு மீட்டர் என்றால் படகு, வலை, சிறை எல்லாம் அதில் அடக்கம்.

ஆகவே நமக்கு வேண்டியது உலகத்துக்கான எண்ணோடு கூட, "இன்று மாலை ஏழு முதல் பத்து வரை பாக் நீரிணைக்கு மேல் குமிழி வாய்ப்பு உண்டு, இல்லை" என்று சொல்லும் ஒரு வரி. அந்தி எழுச்சி எவ்வளவு என்று ஆறரை மணிக்கே திருநெல்வேலி வானத்தை அளப்பவர்களுக்குத் தெரியும். ஹைதராபாத்திலிருந்து மீன் கிடைக்கும் இடத்தையும் அலை உயரத்தையும் தினமும் நம் கைபேசிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சேதியோடு இந்த வரியையும் சேர்த்து அனுப்பினால் போதும். இதை நான் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதுவரை செட் வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. இரட்டை அலைவரிசை செட் என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். அது எலக்ட்ரான் தாமதத்தைக் கழித்துவிடும், உண்மை. குமிழியின் சிமிட்டலை அது தடுக்காது. அதன் இரண்டாவது அலைவரிசையான எல்5, வழக்கமான எல்1-ஐவிடக் கூடுதலாகவே சிமிட்டும். சிமிட்டலுக்கு மருந்து சாட்டிலைட் எண்ணிக்கைதான். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் எல்லாம் பிடிக்கும் செட் என்றால், ஒரு குமிழி நான்கைந்து சாட்டிலைட்டை மறைத்தாலும் மற்றவை வானத்தின் வேறு மூலையிலிருந்து கை கொடுக்கும். ஜிபிஎஸ் பிழையைத் திருத்த நம் நாடு அனுப்பும் ககன் திருத்தத்தை வாங்கும் செட்டும் நல்லதே. ஆனால் அந்தத் திருத்தம் வருவது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் சாட்டிலைட்டிலிருந்து. குமிழி அந்தத் திசையில் வந்து நின்றால் திருத்தமும் கொஞ்ச நேரம் வராது.

மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் கடலில் இருப்பவர்கள் ஆறரை மணிக்கு இருக்கும் இடத்தையும், போகும் திசையையும், வேகத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரை ஆடத் தொடங்கினால் படகை மேற்குப் பக்கம் திருப்பித் திசைகாட்டியைப் பார்த்துப் போங்கள். காந்தப் புயல் என்ற பெயரைக் கேட்டுத் திசைகாட்டியும் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். நம் பகுதியில் பூமியின் கிடைக் காந்தப்புலம் சுமார் 40,000 நானோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 2024 மே போன்ற பெரும்புயலில் குறைவது 400-ஐ ஒட்டித்தான். நூற்றில் ஒரு பங்கு. அதுவும் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே குறைகிறது, அதனால் முள் பக்கவாட்டில் இழுபடுவதில்லை.